அப்பாவின் ஆர்எக்ஸ் 100-ஐ கஃபே ரேசர் ஆக்க வேண்டும்: முதல் முயற்சி, கடற்கரை ஊர், வழி சொல்லுங்கள்

உச்சிப்புளி வாடை

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. அப்பா 1994-ல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 வீட்டில் நிற்கிறது. மண்டபத்திலிருந்து நண்டுக் கூடை கட்டி ஓட்டிய வண்டி. முழங்கால் வலி வந்த பிறகு அப்பா அதைத் தொடவில்லை, எட்டு வருடமாகக் கீற்றுக் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. விற்கச் சொல்லி ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள், எனக்கு மனசில்லை. அதைக் கஃபே ரேசராக, அதாவது பழைய பந்தய வண்டி மாதிரி தாழ்ந்த உருவமாக, மாற்றி நானே ஓட்ட வேண்டும் என்பது ஆசை.

யோசித்து வைத்திருப்பது இது: பின்பக்க சேஸை வெட்டி வளையம் வெல்டிங் வைப்பது, ஒற்றை சீட், அதன் பின்னால் மாட்டுத் திமில் மாதிரி ஒரு மேடு, ஃபோர்க் குழாயிலேயே பூட்டுகிற தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில், ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர், சேஸுக்குக் கறுப்பு பவுடர் கோட்டிங். வெல்டிங் பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வெட்டத் தயார் என்கிறார். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பழைய ஸ்பேனர், மதுரை

தம்பி, ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போகாதே. முதலில் வண்டி ஓடட்டும்.

முப்பது வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். பாதியில் நின்றுபோன கஃபே ரேசர்கள் என் கடையிலேயே நாலைந்து கிடந்திருக்கின்றன, எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். முதல் வாரமே கிரைண்டர் எடுத்து வெட்டுவார்கள். அப்புறம் இன்ஜின் பிரித்தால் கிராங்க் போயிருக்கும், கையில் காசு இருக்காது, வெட்டிய சேஸை யாரும் வாங்கவும் மாட்டார்கள். வண்டியை இருக்கிற உருவத்திலேயே கிளப்பி, பிரேக் பிடிக்க வைத்து, ஒரு மாதம் ஓட்டு. எது நடுங்குகிறது, எது ஒழுகுகிறது, உன் முதுகும் கையும் எங்கே உட்கார ஆசைப்படுகின்றன என்பதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

எட்டு வருடம் நின்ற இன்ஜினைக் கிக்கரால் உதைக்காதே. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசலும் டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலும் ஊற்றி நாலு நாள் விடு. பிறகு மேக்னட் பக்க நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாக அசைத்துப் பார். பிஸ்டன் ரிங் துருவில் பிடித்திருந்தால் கிக்கர் வேகத்துக்கு சிலிண்டர் போர், அதாவது உள்சுவர், கீறிவிடும்.

தொண்டி டூ ஸ்ட்ரோக்

ஆர்எக்ஸ் 100-ஐ வெட்டுவதா? தயவுசெய்து வேண்டாம். 1985 கடைசியில் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. இனி ஒன்று கூட புதிதாகப் பிறக்காது. 98 சிசி, 11 குதிரைத் திறன், நூறு கிலோ சுற்றி எடை, அந்தக் கணக்கே அழகு. எங்கள் பக்கம் ஒருவர் ராஜ்தூத் 350-ஐ, அதுவும் ஆறு கியர் இரட்டை சிலிண்டர் யமஹாவை, பின்னால் வெட்டி வளையம் வைத்தார். இன்றைக்கு அவரே திரும்ப ஒட்ட ஆள் தேடுகிறார்.

கஃபே ரேசர்தான் வேண்டுமென்றால் நாதியற்றுக் கிடக்கும் பழைய ஹீரோ ஹோண்டா ஒன்றைப் பிடியுங்கள் சகோ. சிபிஇசட் கிடைத்தால் இன்னும் நல்லது, முன்னால் டிஸ்க் பிரேக்கோடு வந்தது.

உச்சிப்புளி வாடை

@தொண்டி டூ ஸ்ட்ரோக் வேறு வண்டி வாங்கிச் செய்யலாம் சகோ, ஆனால் எனக்கு இந்த வண்டியைத்தான் ஓட்ட வேண்டும். இது அப்பா வண்டி, அதனால்தான் ஆசையே.

@பழைய ஸ்பேனர் சரி அண்ணே, பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டீசல் ஊற்றியிருக்கிறேன்.

சாயல்குடி பனை

ஆர்சி புத்தகத்தை முதலில் எடுத்துப் பாருங்கள் தம்பி. 1994 வண்டி என்றால் 15 வருடம் முடிந்து 2009-ல் ஒரு தடவை புதுப்பித்திருக்க வேண்டும், அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. எட்டு வருடமாக நிற்கிறது என்றால் கடைசிப் புதுப்பிப்பும் காலாவதி ஆகியிருக்கும். திரும்பப் புதுப்பிக்க வண்டியை ராமநாதபுரம் ஆர்டிஓ அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், சேஸ் நம்பர் தேய்த்துப் பார்ப்பார்கள். வெட்டிய வண்டியோடு அங்கே போய் நிற்க முடியாது.

புதுப்பித்துவிட்டு அப்புறம் வெட்டலாமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்சி-யில் இருக்கும் விவரங்கள் தயாரித்த நிறுவனம் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இதைவிடப் பெரிய பயம் விபத்து நடந்தால் வரும். இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது வண்டி ஆர்சி-யில் உள்ளபடி இருக்கிறதா என்றுதான்.

ஒற்றை சீட் வைத்தால் ஆர்சி-யில் இருக்கும் "இருவர்" என்பது மாறிவிடுகிறது, கவனித்தீர்களா? பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சக்கரத்தில் சிக்காமல் பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு, இவை மூன்றும் விதி 123-ல் இருக்கின்றன. சாரி கார்டைக் கழற்றுவதை ஃபேஷன் என்று நினைக்கிறார்கள். என் அத்தையின் முந்தானை சக்கரத்தில் சுற்றியதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதைக் கழற்றாதீர்கள்.

நிறம் மாற்றினால் அதையும் ஆர்டிஓ-வில் சொல்லிப் பதிய வேண்டும்.

பழைய ஸ்பேனர், மதுரை

சாயல்குடித் தங்கச்சி சொன்னதைக் கேட்டபின் எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. வெட்டாமலே கட்டு.

கஃபே ரேசர் என்பது என்ன? 1950, 60-களில் லண்டனில் ஏஸ் கஃபே மாதிரி ரோட்டோரக் கடைகளில் கூடிய பையன்கள், பந்தய வண்டியைப் பார்த்துத் தங்கள் வண்டியை அந்த மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். காற்று நெஞ்சில் மோதாமல் இருக்கத் தாழ்ந்த ஹேண்டில், குனிந்தால் கால் பின்னால் போகிறது, அதனால் பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட், முடுக்கினால் ஆள் பின்னால் வழுக்காமல் இருக்க அந்தத் திமில். மணிக்கு 100 மைலைத் தொட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வெறி. உன் 98 சிசி அதைத் தொடாது, தொடவும் வேண்டாம். நமக்கு வேண்டியது அந்தக் கோடு மட்டும்தான். டேங்க்கின் அடிவிளிம்பும் சீட்டின் அடிவிளிம்பும் ஒரே நேர்கோட்டில் படுத்திருந்தால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவனுக்கு அது கஃபே ரேசர்தான்.

அந்தக் கோட்டைச் சீட்டிலேயே கொண்டுவரலாம். தட்டையான இருவர் சீட், அதன் பின்பாதி மேல் கழற்றி மாட்டுகிற திமில். பழைய சீட் கொண்டியிலும் பழைய போல்ட் ஓட்டையிலுமே உட்கார வேண்டும். ஒரு வெல்டிங் பொட்டு கூட சேஸில் விழக்கூடாது. நாளைக்கு உன் மகன் பழையபடி ஆர்எக்ஸாகப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு சாயங்காலத்தில் மாற்றிவிடலாம்.

தொண்டி டூ ஸ்ட்ரோக்

இதற்கு நான் முழு சம்மதம். கேட்கவே நிம்மதியாக இருக்கிறது.

கீழக்கரை காக்கா

தம்பி, மதுரை அண்ணன் இன்ஜினைச் சொல்லிவிட்டார், தங்கச்சி சட்டத்தைச் சொல்லிவிட்டார். நம் ஊர் உப்பைப் பற்றி நான் சொல்கிறேன்.

பவுடர் கோட்டிங் ஆசையை விடு. என் பழைய சுசுகி சேஸுக்கு ஒரு டவுனில் கொடுத்துப் போட்டேன், வந்த அன்று கண்ணாடி மாதிரி மின்னியது. ஸ்டாண்டு பக்கம் கல் பட்டு ஒரு அரிசி அளவு தெறித்தது. கொண்டல் என்கிற கிழக்குக் காற்று அடிக்கிற மாதங்கள் முடிவதற்குள் அந்த அரிசி அளவிலிருந்து உப்பு உள்ளே ஊர்ந்து போய், மேலே தோல் அப்படியே இருக்க, அடியில் ஒரு சாண் நீளத்துக்குத் துரு. நகத்தால் தூக்கினால் பவுடர் தோல் வெங்காயச் சருகு போல் உரிந்து வந்தது, உள்ளே செம்மண். பவுடரே கெட்டது என்று சொல்லவில்லை. அடியில் பிரைமர் போடாமல் அடித்திருந்தார்கள். ஆனாலும் ஓரிடத்தில் போனால் வீட்டில் வைத்துத் தொட்டுக்கொள்ள அதில் வழியில்லை. நீ விசைப்படகுக்குப் பெயிண்ட் விற்கிற கடைக்குப் போ. துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர் கேள். இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடு. காலையில் தேய்த்த இரும்பை இரவு விட்டுவைத்தால் மறுநாள் மஞ்சள் பூத்துவிடும், நம் காற்று அப்படி. அதன் மேல் சாதாரணக் கறுப்பு போதும். கீறல் விழுந்தால் பிரஷ்ஷால் நீயே தொட்டுக்கொள்வாய்.

எர்த் வயர் பூட்டுகிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பாக்கிப் பூட்டிவிட்டு மேலே வாசலின் தடவு. பெயிண்ட் மேல் எர்த் பூட்டிவிட்டு, லைட் ஏன் மங்குகிறது என்று ஒரு வாரம் தேடியவர்கள் உண்டு.

ஸ்டெயின்லெஸ் போல்ட் எல்லா இடத்திலும் போடுகிறார்கள். அலுமினிய இன்ஜின் கவரில் அதை வெறுமனே முறுக்கினால் உப்புத் தண்ணீர் நடுவில் புகுந்து அலுமினியத்தை அரித்து வெள்ளை மாவாக்கிவிடும், பிறகு போல்ட் வராது. கிரீஸ் தடவிப் பூட்டு.

கடைசியாகத் தண்ணீர். நம் பக்கம் போர் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. அதில் தினம் வண்டி கழுவுவது கடலில் கழுவுவது மாதிரி. தனுஷ்கோடி போய் வந்த அன்று ஒரு குடம் காவிரிக் குடிநீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ எடுத்து ஸ்போக், ரிம், ஃபோர்க் குழாய், செயின் இவற்றை மட்டும் அலசித் துடை. குடிக்கிற தண்ணீர்தான், மனசு கேட்காது. அதனால்தான் ஒரு குடம் என்கிறேன்.

உச்சிப்புளி வாடை

காக்கா, இதைத் தாளில் எழுதிக் கொட்டகையில் ஒட்டி வைத்துவிட்டேன்.

பிஸ்டன் ஐந்தாவது நாள் அசைந்தது. பிளக் கிளீன் செய்து, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி உதைத்தேன், பதினோராவது உதையில் பிடித்தது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. அப்பா உள்ளே இருந்து சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை, வண்டி நிற்கும் வரை நின்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ஆனால் புகை குறையவே இல்லை. ஐடில் ஒரு நேரம் தானாக ஏறுகிறது.

பழைய ஸ்பேனர், மதுரை

கியர் ஆயில் அளவு பார். குறைந்திருந்தால் கிளட்ச் பக்கக் கிராங்க் சீல் போய், கியர் ஆயிலை இன்ஜின் குடிக்கிறது, அதுதான் வெள்ளைப் புகை. ஐடில் தானாக ஏறுவது மேக்னட் பக்க சீல் வழியாகக் காற்று புகுவதால் இருக்கும். இது ஆபத்தானது. காற்று கூடினால் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து பிஸ்டன் ஜாம் ஆகும், ஓடுகிற வேகத்தில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நின்றுபோன டூ ஸ்ட்ரோக்கில் ரப்பர் சீல் காய்ந்துதான் இருக்கும். இரண்டையும் மாற்று. இன்ஜின் கழற்றும்போதே கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் பெரிய முனை ஆட்டம் எல்லாம் பார்த்துவிடு.

டேங்க் உள்ளே என்ன நிலை?

உச்சிப்புளி வாடை

டார்ச் அடித்தால் உள்ளே செங்கல் நிறம். பட்டறையில் அடித்தட்டை வெட்டி மாற்றலாம் என்கிறார்கள்.

பழைய ஸ்பேனர், மதுரை

பெட்ரோல் இருந்த டேங்க்கில் நெருப்பு வைக்க விடாதே. காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட மோசம், உள்ளே ஆவி நிற்கும், வெடிக்கும். எலுமிச்சை உப்பு வாங்கி வெந்நீரில் கரைத்து முழுக்க நிரப்பி ஒரு ராத்திரி வை. மறுநாள் கொட்டிவிட்டு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் அலசு, வெயிலில் நன்றாகக் காயவை, காய்ந்த உடனே கொஞ்சம் 2டி ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்று. ஓட்டை இருந்தால் அதற்கப்புறம் பேசலாம். இனிமேல் டேங்க்கை நிறைத்தே வை, பாதி காலியாக நின்றால் உள்ளே ஈரம் வியர்க்கும்.

தங்கச்சிமடம் வள்ளம்

திமில் வேலை என்று பார்த்ததும் எழுத வந்தேன். ஃபைபர் வள்ளம் பழுது பார்ப்பதுதான் என் தொழில். தகரத்தில் அடிக்காதே தம்பி, ஃபைபரில் செய், துருவே கிடையாது. எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், நீயே செய்யலாம்.

டேங்க், சேஸ், சீட் எல்லாவற்றையும் பாலிதீன் தாளால் மூடு. சீட் பின்பாதியில் தெர்மாகோல் துண்டுகளை அடுக்கி ஒட்டி, ஹாக்ஸா பிளேடால் செதுக்கு, எமரி தாளால் உருட்டு. அவசரப்படாதே, இரண்டு நாள் எடு. தள்ளி நின்று பார், பக்கத்தில் பார், குந்தி உட்கார்ந்து பார். நான் முதல் தடவை செய்தபோது திமில் பானை மாதிரி வந்தது, உயரத்தை நாலு விரல் குறைத்தபின் சரியானது.

இப்போது முக்கியமான விஷயம். வள்ளத்துக்குப் போடும் பாலியஸ்டர் ரெசின் தெர்மாகோல் மேல் நேராகப் பட்டால், பஞ்சுமிட்டாய் நாக்கில் கரைகிற மாதிரி உருவம் கண்ணெதிரே உள்ளே போய்விடும். அதனால் தெர்மாகோல் தெரியாமல் முழுக்க பிரௌன் டேப் ஒட்டு, அதன் மேல் மெழுகு பாலிஷ் மூன்று கை தேய். அப்புறம்தான் ரெசினில் நனைத்துப் போடுகிற கண்ணாடி நார் மேட். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் மூன்று அடுக்கு போதும். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் பிய்த்துப் போடு, பிய்ந்த ஓரம் ஒன்றோடொன்று கலந்து மடிப்புத் தெரியாது. பிரஷ்ஷை இழுக்காதே, குத்து. குத்தக் குத்த வெள்ளை மேட் கண்ணாடி மாதிரி ஆகும், எங்கே வெள்ளையாக நிற்கிறதோ அங்கே காற்று இருக்கிறது.

ரெசினை இறுக வைக்கிற கெட்டலிஸ்ட் 100 கிராம் ரெசினுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம். மத்தியான வெயிலில் அதுவே அதிகம், டப்பாவிலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். விடிகாலையில் செய். மழை மாதத்தில் செய்யாதே, பிசுபிசு என்று நிற்கும். கடையில் இறுகுவதை வேகமாக்குகிற கோபால்ட் தனியாகக் கொடுத்தால் அதை முதலில் ரெசினில் கலந்து முடித்துவிட்டு அப்புறம் கெட்டலிஸ்ட் ஊற்று. அந்த இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். கெட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி மாட்டிக்கொள், இதில் சோம்பல் கூடாது.

சீட் கொண்டியில் மாட்டுகிற ஸ்டெயின்லெஸ் போல்ட்டை இரண்டாவது, மூன்றாவது அடுக்குக்கு நடுவிலேயே அகல வாஷரோடு புதைத்துவிடு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையேறிவிடும், எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதற்கு முன்னால் வந்தாயென்றால் மிச்ச மேட் தருகிறேன், பக்கத்தில் நின்று சொல்லியும் தருகிறேன்.

தொண்டி டூ ஸ்ட்ரோக்

கூம்பு ஃபில்டர் பற்றி யாரும் பேசவில்லையே. என் வண்டியில் போட்டிருக்கிறேன், சத்தம் அருமை, கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற மெயின் ஜெட்டை இரண்டு அளவு கூட்டினேன், நன்றாகவே ஓடுகிறது.

பழைய ஸ்பேனர், மதுரை

ஜெட் மாற்றத் தெரிந்தவனுக்குச் சரி. இந்தத் தம்பி தனுஷ்கோடி பக்கம் மணல் பறக்கிற ரோட்டில் ஓட்டப் போகிறான். திறந்த ஃபில்டரில் ஏறுகிற நுண்மணல் போருக்கு எமரி தாள். சைடு கவருக்குள் மறைந்து கிடக்கும் பழைய பெட்டியால் அழகு ஒன்றும் குறையாது. இருக்கட்டும்.

தொண்டி டூ ஸ்ட்ரோக்

மணல் விஷயம் உண்மைதான் அண்ணே. போன மாதம் பிஸ்டன் பார்த்தபோது பக்கவாட்டில் கோடுகள் இருந்தன. நானும் பெட்டியைத் திரும்பப் போட்டுவிடுகிறேன்.

உச்சிப்புளி வாடை

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

சீல் இரண்டும் மாற்றினேன், கிராங்க் நன்றாக இருந்தது, போரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து முதல் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். டேங்க்கில் ஓட்டை இல்லை. ஃபோர்க் குழாயில் உப்புப் பொட்டு விழுந்து ஆயில் சீலைக் கிழித்துக்கொண்டே இருந்ததால் குழாயையே மாற்றினேன். பழைய உருவத்திலேயே ஆர்சி புதுப்பித்தாகிவிட்டது. திமில் தங்கச்சிமடத்து அண்ணன் பக்கத்தில் நின்று சொல்லித்தர, அவர் கொட்டகையில் வைத்துச் செய்தேன். முதல் அடுக்கில் இரண்டு இடம் வெள்ளை நின்றது, பிய்த்துவிட்டுத் திரும்பப் போட்டோம். டேங்க்கைப் பழைய கறுப்பிலேயே அடித்தேன், அதனால் நிறம் பதிய வேண்டிய வேலை வரவில்லை.

ஒரு இடத்தில் மாட்டியிருக்கிறேன். பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட் வாங்கி வைத்துப் பார்த்தால் கிக்கர் அதில் இடிக்கிறது.

பழைய ஸ்பேனர், மதுரை

கிக்கர் மட்டும் இருக்கிற வண்டியில் எல்லோரும் மாட்டுகிற இடம் அது. மடங்குகிற ஃபுட்ரெஸ்டாக இருந்தால்தான் ஆகும். இன்னொன்று, கியர் லிவரை அப்படியே பின்பக்கம் திருப்பிப் போட்டால் கியர் மேல் கீழாக மாறிவிடும், அவசரத்தில் கால் பழைய பழக்கத்துக்குப் போகும். பின் பிரேக் ராடு நீளமும் கோணமும் மாறினால் மிதிக்கிற பலம் குறையும். டிரம் பிரேக்கில் அது பெரிய இழப்பு. என் மனசில் பட்டதைச் சொல்கிறேன்: பழைய ஃபுட்ரெஸ்டே இருக்கட்டும், ஹேண்டிலை மட்டும் அதற்கேற்ற உயரத்தில் வை. கிளிப்-ஆனை, ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கிற மேல் தட்டுக்கு அடியில் இறக்காமல் மேலே பூட்டு. இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, கட்டை விரல் டேங்க்கில் நசுங்காமல் இருக்கிறதா, கிளட்ச் கேபிள் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு முறுக்கு.

கீழக்கரை காக்கா

பாம்பன் பாலத்தில் ஓட்டுகிறவனுக்கு ரொம்பத் தாழ்ந்த ஹேண்டில் ஆகாது தம்பி. பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தினார்கள். அந்தக் காற்று ரோட்டுப் பாலத்தில் உன் நூறு கிலோ வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பிடித்துத் திருப்ப ஹேண்டிலில் அகலம் வேண்டும்.

உச்சிப்புளி வாடை

அப்படியே செய்தேன். பழைய ஃபுட்ரெஸ்ட், மேல் தட்டுக்கு மேலே பூட்டிய கிளிப்-ஆன், சாரி கார்டு, கைப்பிடி வார் எல்லாம் இருக்கின்றன. டேங்க் அடியும் சீட் அடியும் ஒரே கோடு.

ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்கு எடுத்தேன். மண்டபம் வரை 50-ஐத் தாண்டவில்லை, போர் புதிது. பாலத்து நடுவில் காற்று தெற்கிலிருந்து அடித்தது, காக்கா சொன்னது அங்கே புரிந்தது. வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனேன், வண்டி கோட்டை விட்டு நகரவில்லை. பாம்பனில் டீ குடிக்கிற இடத்தில் பெரியவர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, இது இன்னார் வண்டிதானே என்று அப்பா பெயரைச் சொன்னார். இவ்வளவு மாற்றியும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

திரும்பி வந்தபோது அப்பா வாசலில் நின்றார். வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்று திமிலைத் தட்டினார். பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுத்து இரண்டு நட்டைக் கழற்றித் திமிலைத் திண்ணையில் வைத்தேன். அப்பா என் தோளைப் பிடித்துக் காலைச் சிரமப்பட்டுத் தூக்கிப் போட்டு ஏறிக்கொண்டார். மண்டபம் மீன் இறங்குதளம் வரை போய் வந்தோம். போகும்போது, "செயின் லூசா இருக்கு, கேக்குதா?" என்றார். ஆமாம், லூசாகத்தான் இருந்தது.

இரண்டு பேர் ஏறினால் முன் ஃபோர்க் பிரேக் போடும்போது அடிவரை இறங்குகிறது. ஆயில் கெட்டியாக மாற்றுவதா, அளவைக் கூட்டுவதா?

பழைய ஸ்பேனர், மதுரை

இரண்டு குழாயிலும் அளவு சமமாக இருக்கிறதா என்று முதலில் பார். அப்புறம் ஒரு படி கெட்டியான ஆயில். அளவைக் கூட்டாதே, புது சீல் பிதுங்கிவிடும். செயினை அப்பா உட்கார்ந்திருக்கும்போதே டைட் பார், ஆள் ஏறினால் கணக்கு மாறும்.